பார்ட் டைம் டாக்டரேட்டா? முதல்ல அந்த டேட்டா யாரோடதுன்னு கேளுங்க

போன மாசம் ஒரு தம்பி கூப்டான், ஒரு தேசிய அணியோட பிசியோவா இருக்கான், எட்டு வருஷ அனுபவம், வேலைல கெட்டி. "அண்ணா, வேலைய விடாம பார்ட் டைம்ல டாக்டரேட் பண்ணலாம்னு இருக்கேன், எந்த யூனிவர்சிட்டி நல்லாருக்கும்"னு கேட்டான். நான் பதிலுக்கு "உங்க டீம்ல நீ தினமும் எடுக்கற டேட்டா யாரோடதுடா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "என்னோடதுதானே அண்ணா, நான்தானே எடுக்கறேன்"ன்னான். இந்தப் பதிவே அந்த ஒரு பதிலாலதான், நாம எடுக்கறதாலயே அது நம்மளோடது ஆயிடாது.

நான் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச்சா, அதாவது பிளேயர்ஸோட உடல் பலத்தையும் ஃபிட்னஸையும் பாத்துக்கற ஆளா வேலை பாத்துகிட்டே ஆறரை வருஷம் எடுத்து டாக்டரேட் முடிச்சவன், அதுக்கப்புறம் இதே மாதிரி படிக்கற நாலஞ்சு பேருக்கு வேலை இடத்து சூப்பர்வைசராவும் இருந்திருக்கேன். பாதில விட்டவங்களையும் பாத்திருக்கேன். கேட்டா "நேரம் இல்ல"ம்பாங்க, ஆனா கிட்டப் போய் விசாரிச்சா நேரம் ஒரு சாக்குதான். காலைல அவங்க அந்த பிளேயரோட சப்போர்ட் ஸ்டாஃப், சாயங்காலம் அதே பிளேயர் அவங்க ஆராய்ச்சில ஒரு எண். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். அதுலதான் தடுமாறி விழறாங்க.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன். பார்ட் டைம் டாக்டரேட்னாலே பிஎச்டின்னு நினைக்கறாங்க, அது ஒரு வழிதான். இன்னொன்னு ப்ரொஃபெஷனல் டாக்டரேட். பிரிட்டன்ல இது 1992ல பிரிஸ்டல் யூனிவர்சிட்டில கல்வித் துறைல ஆரம்பிச்சது, அப்புறம் ஒவ்வொரு துறையா பரவி, சென்ட்ரல் லங்காஷயர் யூனிவர்சிட்டின்னு அப்ப பேர் இருந்த இடத்துல எலைட் பெர்ஃபார்மன்ஸ்னு பேர் வச்சே ஒண்ணு நடத்தியிருக்காங்க, லிவர்பூல் ஜான் மூர்ஸ்ல ஸ்போர்ட் சைக்காலஜில ஒண்ணு இருக்கு. பிஎச்டி "இந்தத் துறைக்கு என்ன புதுசா கண்டுபிடிச்ச"ன்னு கேக்கும், ப்ரொஃபெஷனல் டாக்டரேட் அதோட சேத்து "உன் வேலைல என்ன மாறுச்சு, ஏன் மாறுச்சு, நீ எப்படி யோசிச்ச"ன்னும் கேக்கும். ரெண்டும் ஒரே லெவல்தான், ஒண்ணு ஈஸி ஒண்ணு கஷ்டம்னு இல்ல. டிரெஸ்ஸிங் ரூம் வேலைய விடவே மாட்டேன்றவங்களுக்கு ரெண்டாவதுதான் சரின்னு எனக்குப் படுது, நாளைக்கு யூனிவர்சிட்டில பாடம் நடத்தணும்னு ஆசை இருந்தா பிஎச்டி. மூணாவதா, டீமும் யூனிவர்சிட்டியும் சேந்து செலவு பண்ணி டீமுக்குள்ளயே ஒரு ஆராய்ச்சியாளர உக்கார வைக்கற முறையும் உண்டு. 2016ல விளையாட்டு விஞ்ஞானி ஏரன் கவுட்ஸ் இத பத்தி எழுதினப்ப வேகமா வேலை பாக்கற ஆளு, நிதானமா வேலை பாக்கற ஆளுன்னு பிரிச்சாரு. கோச்சுக்கு இன்னைக்கே பதில் வேணும், அத வேகமான ஆளு குடுப்பாரு, அந்த பதில் உண்மைலயே சரியான்னு நிதானமான ஆளு பின்னாடி உக்காந்து சோதிப்பாரு. ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா பார்ட் டைம்ல படிக்கற நமக்கு அந்த ரெண்டு ஆளும் நாமளேதான், அங்கதான் சிக்கல்.

இப்ப என் கதை. நான் மொதல்ல போட்ட பிளான் அழகா இருந்துச்சு. ரெண்டு சீசன், ஒவ்வொரு திங்கக்கிழமையும் கவுன்டர்மூவ்மென்ட் ஜம்ப் (நின்ன இடத்துல சட்டுனு முழங்கால மடக்கி மேல குதிக்கற டெஸ்ட்), அத வச்சு மேட்ச் களைப்பு எப்படி இறங்குதுன்னு பாக்கறது. சூப்பர்வைசருக்கும் பிடிச்சது, எத்திக்ஸ் கமிட்டியும் ஓகே சொல்லிட்டாங்க. பதினாலாவது வாரம் ஹெட் கோச்ச தூக்கிட்டாங்க. புதுசா வந்தவர் மொத மீட்டிங்லயே "திங்கக்கிழமை யாரும் குதிக்க வேணாம், எனக்கு அந்த நம்பர் தேவையில்ல"ன்னுட்டார். அவர் மேல கோவப்படவும் முடியாது, அணி அவரோடது. என்னோட ஆராய்ச்சி அவரோட வேலை ஒப்பந்தத்துல எங்கயும் இல்ல, சொல்லப்போனா என்னோடதுலயும் இல்ல! பழைய கோச் வாய்வார்த்தையா "பண்ணிக்கோ"ன்னு சொன்னது மட்டும்தான் என்கிட்ட இருந்த அனுமதி. பிளான் போட்டதுல இருந்து எல்லாம் சேத்து ஒன்றரை வருஷ உழைப்பு அப்படியே போச்சு. அப்புறம் கேள்வியவே மாத்தினேன், தினமும் காலைல பிளேயர்ஸ் நிரப்பற தூக்கம், வலி, மனநிலை படிவத்த ஸ்டாஃப் உண்மைல எப்படி பயன்படுத்தறாங்க, எப்ப கண்டுக்காம விடறாங்கன்னு. எந்த கோச் வந்தாலும் இந்தக் கேள்வி உயிரோட இருக்கும், அதனால பொழைச்சேன்.

கோச்ச விடுங்க, காலண்டரே நமக்கு எதிரி. ஒலிம்பிக் சுழற்சி நாலு வருஷம், பார்ட் டைம் டாக்டரேட் பெரும்பாலும் அஞ்சுல இருந்து ஏழு. அதாவது நடுவுல கண்டிப்பா ஒரு தடவை ஆளுங்க மாறுவாங்க, காசு மாறும், முன்னுரிமை மாறும். 2020 மார்ச் 24 அன்னைக்கு டோக்கியோ ஒலிம்பிக்க தள்ளி வைக்கறோம்னு அறிவிச்சாங்க, நாலு வருஷ சுழற்சி அஞ்சாச்சு, அடுத்து பாரிஸுக்கு மூணுதான் மிச்சம். அந்தக் கணக்க நம்பி டேட்டா எடுக்க பிளான் போட்டவங்க நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அதனால நான் இப்ப யார் வந்து கேட்டாலும் ஒரே பெரிய ஆய்வா போடாதீங்க, மூணு சின்ன ஆய்வா போடுங்க, அதுல ஒண்ணாவது ஏற்கனவே எடுத்து வச்ச பழைய டேட்டாவுல இருக்கட்டும்னுதான் சொல்றேன்.

அடுத்து யாரும் முன்கூட்டி சொல்லாத விஷயம் ஒண்ணு. ஃபுல் டைம்ல படிக்கறவன் இன்னைக்கு பிரபலமா இருக்கற அளவுகோல புடிச்சு மூணு வருஷத்துல முடிச்சுட்டுப் போயிடுவான், நாம ஆறு வருஷம் எடுக்கறோம், அதுக்குள்ள அந்த அளவுகோலே செத்துப்போக வாய்ப்பிருக்கு. அக்யூட் க்ரானிக் வொர்க்லோட் ரேஷியோ ஞாபகம் இருக்கா? கடைசி ஒரு வார உழைப்ப கடைசி நாலு வார சராசரியால வகுக்கறது. 2016ல டிம் காபட்டோட கட்டுரைக்கு அப்புறம் 0.8ல இருந்து 1.3 வரைக்கும் பாதுகாப்பு, 1.5 தாண்டினா காயம் ஆகற ஆபத்துன்னு எல்லா டீம் டாஷ்போர்டுலயும் பச்சை சிவப்பு கலர் போட்டு ஒட்டி வச்சாங்க. 2020 வாக்குல இம்பெல்லிஸெரியும் அவர் கூட இருந்தவங்களும் அந்த வகுத்தல்லயே ஓட்டை இருக்கு, காயத்துக்கு இதுதான் காரணம்னு சொல்ல ஆதாரமில்லன்னு வரிசையா எழுதினாங்க. 2016ல அத வச்சு பதிவு பண்ணி 2022ல வைவாக்கு, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வுக்கு போறவன் என்ன பண்ணுவான்? புள்ளியியல்லயும் இதே கதைதான். சின்ன எண்ணிக்கை பிளேயர்ஸ வச்சு முடிவு சொல்றதுக்கு வசதியா இருந்துச்சுன்னு 2006ல பேட்டர்ஹாமும் ஹாப்கின்ஸும் முன்வச்ச முறைய நம்ம துறைல ஏகப்பட்ட பேர் எடுத்துக்கிட்டாங்க, 2018ல கிறிஸ்டின் சைனானி அது இல்லாத விளைவ இருக்கறதா காட்டற வாய்ப்பு அதிகம்னு கணக்கு போட்டு காமிச்சதும் பெரிய ஜர்னல்கள்ல கதவு மூடுச்சு. அதனால கருவிய வச்சு கேள்வி எழுதாதீங்க. "இந்த ரேஷியோ காயத்த கணிக்குமா"ன்றது கருவி செத்தா சேந்து சாகும், "காயத்துல இருந்து திரும்பற பிளேயருக்கு எவ்ளோ உழைப்பு குடுக்கலாம்னு ஸ்டாஃப் எப்படி முடிவெடுக்கறாங்க"ன்றது சாகாது.

சின்ன எண்ணிக்கைன்னதும் இன்னொன்னு. இருபத்தஞ்சு பேர் அணின்னு ஆரம்பிப்பீங்க, காயம், தேசிய அணி அழைப்பு, டிரான்ஸ்ஃபர் எல்லாம் போக முழு டேட்டா பத்து பேருக்கு மிஞ்சினா அதிர்ஷ்டம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, உலகத்தரத்துல ஆளே அவ்ளோதான் இருப்பாங்க, ஒவ்வொரு பிளேயரையும் தனித்தனியா காலப்போக்குல பாக்கற சிங்கிள் கேஸ் டிசைன் அதுக்குத்தான் இருக்கு. ஆனா "எலைட்"ங்கற வார்த்தைய சும்மா தெளிக்காதீங்க. 2022ல மெக்கேவும் குழுவும் உடற்பயிற்சியே இல்லாதவங்க 0, உலகத்தரம் 5ன்னு ஆறு படியா பிரிச்சு வச்சிருக்காங்க, உங்க ஆளுங்க எந்தப் படின்னு எக்ஸாமினர் கேப்பாரு, என்கிட்ட கேட்டாரு.

சரி, எத்திக்ஸ். இதுலதான் கொஞ்சம் நின்னு பேசணும்.

நீங்க ஒரு பிளேயர்கிட்ட சம்மதப் படிவத்த நீட்டறீங்க. அதே நீங்கதான் வெள்ளிக்கிழமை அவன் ஃபிட்டா இல்லையான்னு கோச்சுக்கு ரிப்போர்ட் குடுக்கறீங்க. அவனால "வேணாம்"னு சொல்ல முடியுமா? படிவத்துல "விருப்பமில்லன்னா எந்த பாதிப்பும் இல்ல"ன்னு எழுதியிருக்கும், அவன் அத படிச்சிட்டு உங்க மூஞ்சிய பாப்பான், கையெழுத்து போட்டுடுவான். நான் மொத தடவை இருபத்தி ரெண்டு பேர்கிட்ட கேட்டு இருபத்தி ரெண்டு பேரும் ஓகே சொன்னப்ப பெருமையா இருந்துச்சு, சூப்பர்வைசர் அம்மா சிரிக்காம "ஒருத்தர்கூட மறுக்கலைன்னா கேட்ட விதத்துல ஏதோ தப்பு"ன்னாங்க. அவங்க சொன்னபடி ரெண்டாவது தடவை அணிக்கு சம்பந்தமில்லாத ஒருத்தர் மூலமா கேட்டோம், யார் சம்மதிச்சாங்கன்னே டேட்டா எடுத்து முடிக்கற வரைக்கும் எனக்கு தெரியாத மாதிரி. இந்த தடவை அஞ்சு பேர் வரல. அந்த அஞ்சு பேரும் மொத தடவையும் மனசுக்குள்ள வேணாம்னுதான் இருந்திருப்பாங்க.

"இது தினமும் எடுக்கற டேட்டாதானே, தனியா அனுமதி எதுக்கு"ன்னு ஒரு வாதம் உண்டு, 2009ல வந்த ஒரு எடிட்டோரியல எல்லாரும் அதுக்கு மேற்கோள் காட்டுவாங்க. அத நம்பி படிவமே இல்லாம இறங்காதீங்க, கமிட்டிய கேட்டு எழுத்துல வாங்குங்க. சிகிச்சைக்காக சொன்னத ஆராய்ச்சிக்கு எடுக்கறது வேற விஷயம், பெண் வீராங்கனைகளோட மாதவிடாய் விவரமெல்லாம் இப்ப நிறைய டீம்ல ஆப்ல பதியறாங்க, அது ஸ்ட்ரெங்த் கோச்சோட லேப்டாப்ல ஆறு வருஷம் கிடக்கறது எனக்கு ஒப்பல. ஐரோப்பால 2018 மே மாசம் அமலுக்கு வந்த ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்பு சட்டத்துல உடல்நல டேட்டா தனி வகை, கூடுதல் பாதுகாப்பு வேணும். அப்புறம் பேர எடுத்துட்டா ஆள் மறைஞ்சிடுவாங்கன்னு நினைக்காதீங்க. "கோல்கீப்பர், 34 வயசு, முழங்கால் ஆபரேஷன்"னு எழுதினா ரசிகன் ரெண்டு நிமிஷத்துல பேர் சொல்லிடுவான்.

டீம் பக்கமும் ஒரு பயம் நியாயமானது. நாம எழுதற தீசிஸ் (ஆய்வேடு) யூனிவர்சிட்டி ஆன்லைன் லைப்ரரில ஏறும், எதிரணி படிக்கும். அதுக்கு எம்பார்கோன்னு ஒண்ணு இருக்கு, குறிப்பிட்ட வருஷம் பூட்டி வைக்கலாம், ஆனா அத ஆரம்பத்துலயே கேக்கணும், கடைசி மாசத்துல போய் நின்னா நடக்காது. டீம் ஃபீஸ் கட்டினா இன்னும் உஷாரா இருங்க, வேலைய விட்டா திருப்பிக் கட்டணும்னு ஒரு வரி உள்ள ஒளிஞ்சிருக்கும்.

நேரத்த பத்தி ரெண்டு வார்த்தை, எல்லாரும் கேக்கறதால. ராத்திரி எழுதலாம்னு நம்பாதீங்க, மேட்ச் முடிஞ்ச ராத்திரி மூளை வேலை செய்யாது. எனக்கு விடியக்காலை அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும்தான் ஓடுச்சு, அதுவும் ப்ரீசீசன்ல சுத்தமா நிறுத்திட்டேன், யூனிவர்சிட்டில முறைப்படி இடைவெளி எடுக்கலாம், எடுங்க. பஸ்ல வர்றப்ப ஃபோன்ல பேசி பதிஞ்ச குறிப்புதான் பின்னாடி என் மொத அத்தியாயம் ஆச்சு. டொனால்ட் ஷோன் 1983லயே சொன்னதுதான், வேலை நடக்கும்போதே யோசிக்கறது வேற, முடிஞ்சப்புறம் அத பத்தி யோசிக்கறது வேற, முன்னத அப்பவே புடிச்சு வைக்கலைன்னா ஆவியாயிடும்.

அந்த தம்பி முந்தாநாள் மெசேஜ் போட்டான். அவன் அணிய நடத்தற சங்கத்துக்கு லெட்டர் எழுதி கேட்டிருக்கான், பிளேயர் டேட்டா வெளிய போகக்கூடாது, ஆனா ஸ்டாஃப பேட்டி எடுத்துக்கலாம்னு பதில் வந்திருக்கு. "கேள்விய மாத்தணும் போலண்ணா"ன்னு சோகமா ஒரு ஸ்மைலி. இன்னும் ஃபீஸ் கட்டல, அப்ளிகேஷன்கூட போடல. நான் "மாத்து, அடுத்த வாரம் பேசலாம்"னு அனுப்பிட்டேன்.