நெட்வொர்க் ஸ்விட்சை ஆஃப் பண்ணும் முன் விளக்கைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் லாட்ஜ், பள்ளிக்கூடம், துணிக்கடை, ஓட்டலாக மாறிய பழைய வீடுகள் என்று நெட்வொர்க் வேலை பார்க்கிற எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "அண்ணே, நெட் வரல. ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் வரல." இந்த ஸ்விட்ச் என்பது நெட் கேபிள்களையெல்லாம் சொருகி வைக்கும் பெட்டி, கேபிள் சொருகும் ஒவ்வொரு துளைக்கும் (போர்ட்) ஒரு சின்ன விளக்கு இருக்கும். ஆஃப் பண்ணுவதற்கு முன்னால் அந்த விளக்கு எப்படி எரிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. பிரச்சினை எங்கே என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே தடயம் அதுதான், அதையும் அணைத்தாயிற்று.

முதலில் போனில் கொஞ்ச நேரம் வீடியோ எடுங்கள், அப்புறம் எதை வேண்டுமானாலும் பிடுங்குங்கள். போட்டோ போதாது, சிமிட்டுகிறதா இல்லையா என்பதுதான் பாதி விஷயம்.

போர்ட் விளக்கு எரிந்தால் கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. சிமிட்டினால் டேட்டா போய் வருகிறது. எரியவே இல்லையென்றால் கேபிள் போயிருக்கும், எதிர்முனையில் கரண்ட் இருக்காது, அல்லது போர்ட் செத்திருக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்ததா, ரோட்டில் ஃபைபர் அறுந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சின்ன விளக்கின் கணக்கில் வராது. கம்ப்யூட்டர் ரவுட்டரிடமிருந்து ஐபி கிடைக்காமல், தானே போட்டுக்கொண்ட 169.254 என்று தொடங்கும் ஐபியை வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும், இங்கே ஸ்விட்சில் பச்சை விளக்கு ஜோராகச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ஆரஞ்சைப் பார்த்தால்தான் எல்லோருக்கும் பதற்றம். நம் ஊர்க் கடைகளில் இருக்கும் சாதாரண ஸ்விட்ச் பலவற்றில் பச்சை என்றால் 1000 எம்பிபிஎஸ், ஆரஞ்சு என்றால் 100 அல்லது 10. ஐபி கேமராக்களில் பெரும்பாலானவை 100க்கு மேல் போகாது, அதனால் அந்தப் போர்ட் ஆரஞ்சாக இருப்பது நியாயம்தான். ஷட்டவுன் செய்த கம்ப்யூட்டரும் சில சமயம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு லிங்க்கைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கோளாறு இல்லை. ஆனால் சிஸ்கோ கேட்டலிஸ்ட் மாதிரி ஸ்விட்சில் ஆரஞ்சுக்கு அர்த்தமே வேறு: அந்தப் போர்ட் டேட்டாவை அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. கேபிள் சொருகியதும் முப்பது விநாடி போல ஆரஞ்சில் நின்று, அதன்பிறகு பச்சையாவது அதில் வழக்கம். அதற்குள் பொறுமையிழந்து பிடுங்கிச் சொருகினால் மறுபடி முதலிலிருந்து. ஆக, எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று பார்க்காமல் நிறத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

கவனிக்க வேண்டிய ஆரஞ்சு ஒன்று உண்டு: நேற்றுவரை பச்சையாக இருந்த போர்ட் இன்று ஆரஞ்சாவது. செட்டிநாட்டு வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். முகப்பில் ரிசப்ஷன், வளவைச் சுற்றி அறைகள், கடைசிக் கட்டில் அடுப்படி. வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் (விடவும் கூடாது), அதனால் கேபிள் தேக்கு நிலையோரமாக ஓடும், அந்தக் கனத்த கதவு சாத்தும்போதெல்லாம் அதை நசுக்கும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், ஆனால் 1000க்கு எட்டும் வேண்டும். நீலமோ பிரவுனோ ஒரு கம்பி அறுந்தால் நெட் நிற்பதில்லை, வேகம் மட்டும் விழுந்துவிடும், உடனே எல்லோரும் நெட் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், எட்டுக் கம்பியும் நுனிவரை போய் முட்டியிருக்க வேண்டும். அங்கே சரியென்றால் கதவிடுக்கைப் பாருங்கள். வளைந்து வளைந்து போகிற கேபிள் 100 மீட்டரைத் தாண்டியிருந்தாலும் சிக்கல்தான்.

கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சில் அதற்கென்று தனி விளக்கு இருக்கும். பகலில் ஓடி ராத்திரியில் மட்டும் அணைகிற கேமராவுக்கு அந்த விளக்கை ராத்திரியில்தான் பார்க்க வேண்டும். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் எரியத் தொடங்கி கூடுதல் வாட்ஸ் இழுக்கும், ஸ்விட்சின் மொத்தக் கொள்ளளவு போதவில்லையென்றால் ஏதாவது ஒரு போர்ட்டுக்குக் கரண்ட் நின்றுவிடும். கேமராவை மாற்றிப் பிரயோஜனமில்லை.

எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் வெறி பிடித்ததுபோல் இடைவிடாமல் சிமிட்டி, யாருக்குமே நெட் வராவிட்டால் லூப்பாக இருக்கலாம், அதாவது டேட்டா ஸ்விட்சுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டில் விசேஷம் முடிந்து ஒதுங்க வைக்கும்போது, சும்மா தொங்குகிற முனையைப் பார்த்து யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் காலிப் போர்ட்டில் சொருகியிருப்பார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில் இருக்கும். ஆஃப் ஆன் செய்தால் ஒரு நிமிஷம் சரியானதுபோலத் தெரிந்து மறுபடி ஆரம்பிக்கும். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் சிமிட்டல் அடங்குகிறதோ அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்குப் பிறகு ஒரு போர்ட் மட்டும் எரியவில்லையென்றால், பக்கத்தில் நன்றாக எரிகிற போர்ட்டின் கேபிளை அதில் மாற்றிச் சொருகுங்கள். எரியாவிட்டால் போர்ட் போய்விட்டது, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு வேறு போர்ட்டுக்கு மாறுங்கள். எரிந்தால் கோளாறு அதில் முதலில் இருந்த கேபிளிலோ அதன் மறுமுனையிலோ. அதற்கு நான் வர வேண்டியிருக்கும், வீடியோவை அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்.