மணக்குடிக் காயலுக்கு ஒரு பங்கு தண்ணீர்

“ஆத்துத் தண்ணி எல்லாம் வீணா கடலுக்குப் போகுதே” என்று யாராவது சொன்னால், கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்கு அவரைக் கூட்டிப்போகத் தோன்றும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இந்தக் காயலுக்கு உயிர் கொடுப்பதே அந்த ‘வீண்’ தண்ணீர்தான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்றுநீர் அதைவிட லேசு, மேலாக வரும். உப்புநீர் அடியில் ஆப்புபோல உள்ளே ஏறும். இது தெரிந்தும் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். மேல்தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு, ஓர் ஓடைக்கரையில் கண்டல் (அலையாத்தி மரம்) கன்று நடலாம் என்று சொல்லிவிட்டேன். சித்திரை வெயிலில் பாதிக் கன்று கருகியது. சேற்றுக்குள் இருந்த உப்பை நான் பார்க்கவே இல்லை. கண்டல் உப்பைத் தாங்கும், சரி. ஆனால் இளங்கன்றுக்கு இடையிடையே நல்ல தண்ணீர் வேண்டும்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல்லின் அறுவடையோடு ஆறு மெலியும். உள்ளிருந்து தள்ளத் தண்ணீர் இல்லாதபோது அலை மணலைக் குவித்துப் பொழிமுகத்தை, அதாவது காயல் கடலில் திறக்கும் வாயை, அடைத்துவிடும். ஜேசிபி வைத்து வெட்டலாம், மறுபடியும் அடையும்.

இதற்குக் காயலுக்கு நன்னீரைத் திருப்பிவிட வேண்டும் என்றதும் புதுக் கால்வாய் வெட்டுவதாக நினைக்கிறார்கள். இங்கே குளங்களும் சானல்களும் ஏற்கெனவே தொடுத்துக் கிடக்கின்றன. ஒரு குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர் போகும் வழி) அடுத்த குளத்துக்கு, அப்புறம் ஆற்றுக்கு. அந்த வழியே நடந்து பார்த்தால் போதும், அடைப்பு எங்கே என்று தெரியும்: ரோட்டுக்கு அடியில் வைத்த ஒற்றைக் குழாய், ஆகாயத்தாமரை, மண் கொட்டி மேடாக்கிய ஓடை. 2022இல் சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் ஏறின. பறவை பார்க்க ஆள் வருகிறது, மறுகாலைப் பார்க்கத்தான் ஆளில்லை. குழாயை எடுத்துவிட்டு அகலமான சிறுபாலம் கட்டுங்கள் என்பதுதான் நான் முதலில் கேட்பது.

இன்னொன்று, திருப்பும் முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். நாகர்கோவில் சாக்கடையும் இதே ஆற்றில்தான் கலக்கிறது. அதைத் திருப்பிவிட்டு நன்னீர் என்று சொல்வது ஏமாற்று.

“கடைமடைக்கே தண்ணி இல்ல, மீனுக்கா விடச் சொல்லுதிய?” என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். கோடையில் வயலுக்குப் போகும் தண்ணீரை யாரும் கேட்கவில்லை. நமக்கு இரண்டு பருவமழை. மழை மிஞ்சும் நாட்களில் உபரியை ஒரேயடியாகத் திறந்து தீர்க்காமல் தவணை தவணையாக விட்டால் போதும்; பொழி திறந்திருக்கும் நாட்கள் கூடும், மடவை மீன்குஞ்சுகள் உள்ளே ஏறும். “ஆறு தள்ளலைன்னா உப்பு மேல ஏறும், உங்க கிணறு எப்படி இருக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கரிக்கத்தான் செய்யுது” என்றார்.