டிஸ்க்கைக் காலி செய்யாமலே கோப்பு முறைமையை மாற்றலாம்

சர்வரின் கோப்பு முறைமையை (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையை) மாற்ற வேண்டுமென்றால் பலருக்கும் ஒரே வழிதான் தோன்றும். எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடு, பழையதை ஃபார்மேட் செய், திரும்பக் கொண்டுவந்து போடு. பல டெராபைட் இருக்கும் சர்வரில் இது நாள்கணக்கில் இழுக்கும். அதற்குள் புதுத் தரவு வந்து குவிந்துவிடும்.

2010 தொடக்கத்தில் கூகுள் தன் சர்வர்களை எக்ஸ்ட்2 என்ற பழைய லினக்ஸ் கோப்பு முறைமையிலிருந்து மாற்ற முடிவெடுத்தது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ் என்ற மூன்று கோப்பு முறைமைகளையும் சோதித்ததில் முதல் இரண்டும் வேகத்தில் கிட்டத்தட்ட சமம். எக்ஸ்ட்4 தேர்வானது, எக்ஸ்ட்2 இருந்த இடத்திலேயே அதற்கு மாறிக்கொள்ளலாம் என்பதால். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

அது எப்படி முடிகிறது? ஒரு கோப்பு டிஸ்க்கில் எங்கெங்கே இருக்கிறது என்பதைக் கோப்பு முறைமை ஒரு கணக்கில் குறித்துவைக்கிறது. பழைய முறையில் 4 கேபி கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. 1 ஜிபி கோப்புக்கு 2,62,144 குறிப்புகள். எக்ஸ்ட்4 அப்படி எழுதுவதில்லை. மனைப் பத்திரத்தில் '12-ஆம் மனை தொடங்கி வரிசையாக 50 மனைகள்' என்று எழுதுவதுபோல, தொடக்கத்தையும் நீளத்தையும் மட்டும் எழுதுகிறது. இதற்கு எக்ஸ்டென்ட் என்று பெயர். ஒரு எக்ஸ்டென்ட் 128 எம்பி வரை பிடிக்கும். வரிசையாக இடம் கிடைத்தால் அதே 1 ஜிபிக்கு 8 வரி போதும்.

எக்ஸ்ட்4 பழைய கணக்கையும் படிக்கும். அதனால் ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் புது வசதிகளை இயக்கிவிட்டாலே மாற்றம் நடந்துவிடுகிறது. தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் வருவதுதான் நேரம் பிடிக்கும்: டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விடுவித்து), இ2எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி முழுதும் சரிபார்க்க வேண்டும். தரவின் பிரதி வேறு சர்வர்களிலும் இருந்தால், ஒவ்வொரு சர்வராகப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, சரிபார்த்து, திரும்பச் சேர்க்கலாம். பயனருக்குத் தடங்கல் தெரியாது. ஆனால் பேக்கப் இல்லாமல் இறங்காதீர்கள். எக்ஸ்டென்ட் வசதியோடு ஒரு கோப்பு எழுதப்பட்டாலும், அந்த டிஸ்க்கைப் பழைய எக்ஸ்ட்2 ஆகவோ எக்ஸ்ட்3 ஆகவோ திரும்ப மவுன்ட் செய்ய முடியாது.

மாற்றத்துக்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறுவதில்லை. எல்எஸ்ஆட்டர் கட்டளை கொடுத்துப் பாருங்கள்: புதுக் கோப்புகளின் வரியில் 'e' என்ற ஆங்கில எழுத்து நிற்கும், பழையவற்றில் அந்த இடத்தில் '-' குறி மட்டும் இருக்கும். பழைய கோப்பைப் புதிதாக நகலெடுத்தால் அந்த நகலிலும் 'e' வந்துவிடும்.