புதுப் பாட்டில் வரி விளங்கவில்லையா? காதையும் ஒருமுறை பாருங்கள்

ஒரு புதுப் பாட்டு வெளியான வாரத்தில், பரிசோதனைக்கு வரும் இளைஞர்களிடம் அதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டேன். கேட்டல் பரிசோதனை என் தொழில். பாட்டு எனக்குப் பைத்தியம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் காதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். பாட்டைப் பற்றிக் கேட்டால் போதும், யார் இசை, யார் குரல், போன பாட்டுக்கு இது எப்படி என்று ஒரு விமர்சனமே நடக்கும். அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் குறை இது: “மியூசிக் சூப்பர் மிஸ். ஆனா என்ன பாடுறாங்கன்னே வெளங்கல. இப்ப வர்ற பாட்டு எல்லாமே இப்பிடித்தான்.”

சொல்பவர்களில் பலருக்கு அது நியாயமான கருத்து. சிலருக்கோ, காது பழுதாகத் தொடங்கியதன் முதல் அறிகுறி. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேயிலை பெக்டரியில் வேலை. வயது இருபதைத் தாண்டி அதிகமில்லை. இரவில் காதுக்குள் ‘கீ’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரோலர் ஓடும் சத்தத்தில் பாட்டுக் கேட்காது என்று சவுண்டை முழுதாக வைத்து ஹெட்செட் போடுவது அவர் பழக்கம். பஸ்ஸிலும் அப்படியே, படுக்கையிலும் அப்படியே. அந்த வாரம் வந்த பாட்டைப் பற்றிக் கேட்டேன். இசையமைப்பாளர் மேல் அவருக்குக் கடுங்கோபம். குரலை அடியில் போட்டு அமுக்கிவிட்டாராம். சரி என்று கதவைச் சாத்தி, அவர் போனிலேயே அந்தப் பாட்டை மெல்லிய சத்தத்தில் போடச் சொன்னேன். முதல் சரணம் முடிந்ததும் நிறுத்தி, என்ன வரி என்று கேட்டேன். மெட்டைச் சரியாக முணுமுணுத்தார். சொற்களில் பாதி தவறு. தங்கச்சி எல்லா வரியையும் சொல்லிவிட்டார். “நீ பாடமாக்கி வச்சிருக்க” என்றார் இவர். “இல்லண்ணே, இந்தப் பாட்ட நான் இன்னைக்குத்தான் கேக்குறேன்.”

பிறகு பரிசோதனை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஒலியின் அதிர்வெண்ணை, அதாவது கூர்மையை, ஹேர்ட்ஸில் அளப்போம்; எண் கூடக் கூட ஒலி கூர்மையாகும். 250, 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் வரை மிக மெல்லிய ஒலிக்கும் உடனே அழுத்தினார். 4000 ஹேர்ட்ஸில் கை அசையவில்லை. கூட்டினேன், இன்னும் கூட்டினேன், ரொம்பக் கூட்டிய பிறகுதான் அழுத்தினார். 8000இல் மீண்டும் ஓரளவு சரியாக இருந்தது. ஆடியோகிராம் தாளில் கோடு நேராக வந்து, 4000இல் பள்ளத்தில் விழுந்து, மேலே ஏறி நின்றது. சத்தத்தால் பழுதான காதை அந்தப் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். வயதாவதால் வரும் செவிட்டுத்தன்மையில் கோடு பெரும்பாலும் சரிந்துகொண்டே போகும், இப்படி ஏறி வராது.

ஏன் அந்த இடத்தில் மட்டும்? நம் காதுக் குழாயின் அமைப்பே 3000 ஹேர்ட்ஸ் அளவிலுள்ள ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்பும். அதனால் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதிக்குத்தான் அடி அதிகம். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உறுப்பில், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. கூர்மையான ஒலிகளை வாங்கும் கலங்கள் அதன் நுழைவாயில் பக்கம் இருக்கின்றன. அங்கே செத்த கலம் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. மருந்தும் இல்லை, சத்திர சிகிச்சையும் இல்லை.

பாட்டின் மெட்டும் தாளமும் உயிரெழுத்துகளின் பலமும் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணில் இருக்கின்றன. சொல்லைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் நுணுக்கம் மேலே இருக்கிறது. ‘பாசம்’, ‘பாதம்’ இரண்டையும் பிரிப்பது நடுவில் வரும் ஒரு மெல்லிய உரசல் மட்டும்தான். ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றையும் பிரிப்பது தொடக்கத்தில் கணநேரம் வெடிக்கும் ஒலி. மேல் அதிர்வெண் போன காதுக்கு இவையெல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். பேஸ் அதிரும், குரல் இருப்பது தெரியும், சொல் மட்டும் கரைந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் யாரும் “எனக்குக் காது கேட்கவில்லை” என்று வருவதில்லை. பாட்டைக் குறை சொல்வார்கள், போனைக் குறை சொல்வார்கள், வீட்டில் அம்மா முணுமுணுக்கிறார் என்பார்கள். சொல் விளங்குவதற்காகச் சவுண்டைக் கூட்டுவார்கள். அது மிச்சமிருக்கும் கலங்களையும் தின்னும்.

இசையமைப்பாளர்கள் பக்கத் தவறே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு ரசிகையாக எனக்கும் மனத்தாங்கல் உண்டு. பல புதுப் பாட்டுகளில் மெல்லிய இடம், உரத்த இடம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாவற்றையும் அழுத்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பல்லவியில் பேஸ் விழும் இடத்தில் குரலையும் ஒரு வாத்தியமாக்கி, இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, குரலின் சுருதியைக் கணினியில் திருத்தும் ஓட்டோடியூனும் சேர்த்துவிட்டால் நல்ல காதுக்கும் வரி பிடிபடாது. எனக்குப் பிடித்த புதுப் பாட்டுகள் எல்லாம் பாடகரின் மூச்சு கேட்பதற்கு இடம் விட்டவை. ஒரே ஒரு தோல் கருவி, அதன்மேல் தனியாக ஒரு குரல், பிறகு மெல்ல மற்றவை சேர்வது. தப்பு மேளத்தின் சத்தத்தில் வளர்ந்த நமக்கு அந்தக் கட்டமைப்பு புதிதும் இல்லை.

வரி முக்கியமா, மியூசிக் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வரி முக்கியம். 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யை இங்கே ஆடாத வீடில்லை. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழகத்துக்குப் போனவர். நம் பாட்டன் பூட்டன் கதை அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரியாக இருக்கிறது. ஆட்டம் போட வைக்கும் தாளத்துக்கு நடுவே அந்த ஒப்பாரி கேட்காமல் போன காதுக்கு, பாட்டில் நம் பங்கு கிடைக்கவே இல்லை.

சத்தம் கூடினால் பாட்டு நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பது தெரியுமா? மெல்லிய ஒலியில் பேஸைக் குறைவாகவும் உரத்த ஒலியில் நிறைவாகவும் கேட்பது மனிதக் காதின் இயல்பு. ஃபிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இரண்டு பாட்டை ஒப்பிடும்போது எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். பாட்டுகளைப் போட்டிபோட்டு உரக்கச் செய்ததற்கு இதுதான் காரணம். இப்போது ஸ்பொட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரப்புக்கு இறக்கித்தான் போடுகிறது, யூடியூபும் உரத்த பாட்டைக் குறைத்துவிடும். ஆனால் நம் பக்கத்தில் வட்ஸ்அப்பிலும் மெமரி கார்டிலும் சுற்றும் ‘பேஸ் பூஸ்ட்’ பதிவுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நள்ளிரவில் புதுப் பாட்டு வந்தவுடன், நாள் முழுக்கச் சத்தத்தில் களைத்த காதோடு, முழுச் சவுண்டில் கேட்டுவிட்டு “மிக்ஸிங் மோசம்” என்று எழுதுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. களைத்த காதுக்கு மேல் ஒலிகள் தற்காலிகமாக மங்கிவிடும். அதே பாட்டைக் காலையில், அமைதியில், பாதிச் சவுண்டில் கேட்டுவிட்டு எழுதினால் பாதிப் பேரின் கருத்து மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கணக்கு. ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதை டெசிபலில் அளப்போம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படியே ஏறினால் 90 டெசிபலுக்கு வாரம் 4 மணி நேரம்தான். 100 டெசிபலுக்கு வாரம் 20 நிமிடம். போனில் கடைசிக் கோடுவரை கூட்டினால் பல ஹெட்செட்டுகள் 100ஐத் தொட்டுவிடும். நாலு நிமிடப் பாட்டு ஐந்து கேட்டால் அந்த வாரத்தின் பங்கு தீர்ந்தது. நம் ஆட்கள் ஒரே பாட்டை ‘லூப்’பில் போட்டுவிட்டு மலையேறுகிறார்கள்.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற்றத்தில் பஸ் கீழ் கியரில் முக்கும்போது, எஞ்சின் இரைச்சலும் தலைக்கு மேல் பஸ்காரரின் பாட்டும் சேரும். அதை மீறித் தன் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒருவர் கூட்டுவது எவ்வளவு என்பது அவருக்கே தெரிவதில்லை. பஸ் நின்றதும் சவுண்டை மாற்றாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள். காதுத் துளையை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை உள்ள ஹெட்செட் வெளி இரைச்சலைத் தடுப்பதால் குறைந்த சவுண்டே போதும். விலை அதிகமானதுதான் வேண்டும் என்றில்லை, முனை உங்கள் காதுக்குப் பொருந்தினால் சரி. ஐபோன் ஹெட்செட் சத்தத்தை ஏழு நாள் கணக்கு வைத்து எச்சரிக்கும். சாம்சுங்கில் மீடியா வொலியூமுக்கு உச்ச வரம்பு வைக்கலாம். பெக்டரியில் வேலை செய்பவர்கள் இயந்திரம் ஓடும்போது பாட்டை விட்டுவிடுங்கள். அங்கே காதுக்கு வேண்டியது அடைப்பான்.

திருவிழாவுக்கும் சடங்கு வீட்டுக்கும் வரும் சவுண்ட் செட்டைப் பற்றி ஒன்று மட்டும். பொக்ஸுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிற்க வைக்காதீர்கள். வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். இரண்டு லயத்துக்கு நடுவிலுள்ள முற்றத்தில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது, இன்னும் தள்ளித்தான் நிற்க வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொக்ஸுக்கு முன்னால் ஆடும் மாமாக்களிடம் இதை அன்பாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அமைதியான அறையில், ஸ்பீக்கரில், மெல்லிய சத்தத்தில், நீங்களும் உங்களுக்கு இளையவர் ஒருவரும் கேட்டிராத ஒரு புதுப் பாட்டைப் போடுங்கள். வரிகளை ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் விளங்கவில்லை என்றால் குறை பாட்டில்தான், தாராளமாகத் திட்டலாம். அவருக்கு விளங்கி உங்களுக்கு விளங்கவில்லை என்றால், பின்னேரத்தில் தேயிலைக்குள் சில்வண்டு கத்துவது அவருக்குக் கேட்கும் அளவுக்கு உங்களுக்கும் கேட்கிறதா என்று பாருங்கள். அதிலும் வித்தியாசம் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுப் பார்க்க வேண்டாம். அது உட்காதின் கலங்களுக்குப் போய்ச் சேரவே சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தொற்று வேறு வரும்.

ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் அல்லது இரவோடு இரவாக அடைத்ததுபோல் ஆகிவிட்டால் அது வேறு கதை. அழுக்குத்தான், சளிதான் என்று விடாதீர்கள். உடனடியாக டொக்டரைப் பாருங்கள். அந்த வகைச் செவிட்டுத்தன்மையில், முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கேட்டல் திரும்பும் வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் இந்தப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. வலியும் இல்லை. முதல் நாள் பின்னேரத்திலிருந்தே ஹெட்செட் போடாமல் இருங்கள். இரவு ஷிப்டில் பெக்டரியில் நின்றுவிட்டு அப்படியே வந்தால் களைத்த காதைத்தான் அளக்க நேரும், முடிவு சரியாக வராது. என்ன வேலை, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாட்டு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்; யாரும் ஏசமாட்டார்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ஹெட்செட்டையும், வரி விளங்கவில்லை என்று சொல்லும் அந்தப் பாட்டையும் போனில் கொண்டு வாருங்கள்.