குளிரில் அணைந்த போன் செத்த போன் அல்ல

ஸ்கீலாகர் (பள்ளிக்கூடத்தின் பனிச்சறுக்கு முகாம்) முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய கிழமை என்றால் என் கடை வாசலில் ஆள் நிற்கும். சூரிச்சில் போன் திருத்துகிற கடை வைத்து 14 வருடமாகிறது, ஒவ்வொரு மாரியும் இதே கதைதான்: "தம்பி, மலைக்குக் கொண்டுபோன போன் செத்துப்போச்சு, ஒருக்காப் பாருங்கோ." எங்கள் ஆட்களில் பெரியவர்கள் பலர் பனிச்சறுக்குப் பலகையில் கால் வைத்ததே இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒரு கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது, நாங்களும் ஜக்கெற், கிளவுஸ், ஹெல்மெற் என்று பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறோம், போனைப் பற்றி மட்டும் "கவனமாக வைத்திரு" என்பதோடு சரி. எப்படிக் கவனமாக வைப்பது என்று பிள்ளைக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

போன முறை ஒரு அக்கா தன் 13 வயது மகளோடு வந்தார். மலைக்கு ஏற்றும் நாற்காலி லிஃப்ற்றான செஸெல்லிஃப்ற்றில் ஏறும்போது மகளின் போனில் 46 வீதம் சார்ஜ் இருந்ததாம். மேலே போனதும் தோழியை வீடியோ எடுக்கலாம் என்று கமராவைத் திறந்த உடனே திரை கறுத்துவிட்டது. அப்புறம் மூடுபனி இறங்கி, குழுவைத் தவறவிட்டு, வேறு பாதையால் இறங்கி, தெரியாத ஒரு லிஃப்ற்றடியில் 40 நிமிடம் நின்றிருக்கிறாள். லிஃப்ற்றில் வேலை செய்தவர் கண்டு ஆசிரியருக்குத் தகவல் கொடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. அதே போன் இரவு விடுதிக்கு வந்ததும் தானாகவே 40 வீதத்துடன் எழும்பியது. "அப்ப ஏன் அண்ணா அங்கே நின்றது?" என்று அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள். கோபமும் பயமும் இன்னும் குரலில் இருந்தது.

மாரியில் குசினித் தட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் எங்கும் போகவில்லை, போத்தல் நிறைய இருக்கிறது, கவிழ்த்தால்தான் வராது. போன் பற்றரிக்குள்ளும் ஒரு திரவம் இருக்கிறது, லிதியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள நுண்துகள்கள்) அதற்குள்ளால்தான் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகவேண்டும். குளிரில் அது தேங்காய் எண்ணெய் போல உறைவதில்லை, ஆனால் தடிக்கிறது, அயன்கள் மெதுவாகின்றன, பற்றரியின் உள்தடை கூடுகிறது. அந்த நேரம் பார்த்து கமரா, வெளிச்சமான திரை, வீடியோ என்று போன் ஒரேயடியாக நிறைய மின்சாரம் கேட்டால் வோல்ட் சடாரென்று விழும். நிரம்பிய பற்றரி 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அது 3 வோல்ட்டுச் சொச்சத்துக்கு இறங்கினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சார்ஜ் உள்ளேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. சூடேறினால் திரும்பி வரும்.

ஐபோன்களைப் பாவிக்க ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. மலையிலோ 1000 மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். பனிச்சறுக்குக்குப் போகும் எங்கல்பெர்க் ஊர் 1000 மீற்றர் உயரம், அதற்கு மேலே டிட்லிஸ் மலையின் லிஃப்ற் உச்சி நிலையம் 3020 மீற்றர். கீழே பூச்சியம் என்றால் மேலே மைனஸ் 13 என்று எடுத்துக்கொள்ளலாம். (சூரிச்சில் மூடுபனி கிடக்கும் நாட்களில் மேலே வெயிலாகவும் கீழேயைவிடச் சூடாகவும் இருப்பதுண்டு, அதை நம்பிப் போகாதீர்கள், நிழலில் நிற்கும் லிஃப்ற்றில் உண்மை தெரியும்.) காற்றைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. காற்று வீசினால் மைனஸ் 20 போல இருக்கிறது என்பது எங்கள் தோலுக்குத்தான். வெளியே மைனஸ் 10 என்றால் எவ்வளவு காற்றடித்தாலும் போன் அதற்குக் கீழே போகாது, ஆனால் அந்த மைனஸ் 10க்கு மிக வேகமாகப் போய்ச் சேரும். லிஃப்ற்றில் பத்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு ரிக்ரொக் பார்த்தால் காணும்.

அந்தப் பிள்ளையின் போனைச் சோதித்தபோது பற்றரியின் ஆரோக்கியம் 78 வீதம். பழசாகப் பழசாக உள்தடை கூடும், குளிரும் சேர்ந்தால் முதலில் விழுவது பழைய பற்றரிதான். 80 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டதென்றால் லாகருக்கு முன்னமே மாற்றிவிடுங்கள். என் கடைக்கே வாருங்கள் என்று இதை எழுதவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல கடை எதுவோ அங்கே கொடுங்கள். செற்றிங்ஸில் இலக்கத்தைப் பார்க்க அரை நிமிடம்தான்.

சரி, போனை எங்கே வைப்பது? உடம்புச் சூடு படுகிற இடத்தில். ஜக்கெற்றின் வெளிப் பொக்கெற் வேண்டாம், முதுகுப்பை வேண்டாம். ஜக்கெற்றுக்கு உள்ளே, கம்பளிச் சட்டையின் சிப் பொக்கெற் இருந்தால் அதுதான் நல்லது, திரை உடம்பைப் பார்த்தபடி. காற்சட்டைப் பின் பொக்கெற்றில் வைத்து விழுந்து வளைந்த போன்கள் மாரியில் வராத வருடம் இல்லை. பவர்பாங்க்கும் லிதியம்தான், அதையும் உள்ளேயே வையுங்கள். கைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்களைப் போனோடு ஒட்டி வைக்காதீர்கள். உள்ளே இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து சூடாகிறது, 50 பாகையைத் தாண்டும், அது குளிரைவிடப் பற்றரிக்குக் கூடாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, வளர்ந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். குறித்த பாதையை விட்டு வெளியே சறுக்கப் போகிறவர்கள் பனிச்சரிவில் புதைந்தால் கண்டுபிடிப்பதற்கு நெஞ்சில் ஒரு கருவி கட்டுவார்கள். 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி அது. போன் அதன் பக்கத்தில் இருந்தால் குழப்பும். அனுப்பும் நிலையில் இருக்கும்போது குறைந்தது 20 சென்ரிமீற்றர், தேடும்போது 50 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கவேண்டும். அப்படிப் போகிற நாளில் நெஞ்சுப் பொக்கெற் கூடாது, தொடைப் பக்கத்து சிப் பொக்கெற்றில் வையுங்கள், பிளைட் மோடில். போன் கொஞ்சம் குளிர்ந்தாலும் பரவாயில்லை, அங்கே உயிர் அந்தக் கருவியில் இருக்கிறது.

உண்மையில் என் மேசைக்கு வரும் போன்களைக் கெடுப்பது மலை அல்ல, மலையிலிருந்து இறங்கியபின் நாங்கள் செய்கிற வேலைதான். குளிர்ந்து அணைந்த போனை உணவகத்துக்குள் நுழைந்ததும் எடுத்து மேசையில் வைக்கிறோம். குளிர்ந்த தண்ணீர்க் கிளாசில் வியர்ப்பதுபோல போனிலும் வியர்க்கும், வெளியே தெரிவது துடைத்தால் போய்விடும், உள்ளே வியர்ப்பதை யார் துடைப்பது? இந்த மாரி ஒரு போனைத் திறந்தேன். கமராக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள், சிம் தட்டருகே தண்ணீர் பட்டதைக் காட்டும் வெள்ளை ஸ்ரிக்கர் சிவந்து கிடந்தது, சார்ஜ் இணைப்பில் பச்சை பூத்திருந்தது. தண்ணீர் புகாத போன் என்று சொல்லித்தானே வாங்கினோம் என்று அந்தத் தகப்பன் கவலைப்பட்டார். அந்தப் பசையும் ரப்பரும் வருடம் போகப் போகத் தளரும், ஒருமுறை திறந்து திருத்திய போனில் இன்னும் தளர்ச்சி.

ஆகவே உள்ளே போனதும் போனை எடுக்காதீர்கள். ஜக்கெற்றோடு சேர்த்துக் கழற்றி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். சாப்பாட்டுக்குப் பாவிக்கும், வாயை அமுக்கி மூடும் சிப் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு வெளியிலேயே போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, வியர்வை பையின் வெளிப்புறத்தில்தான் படியும். ஹைற்சுங் (அறைச் சூடாக்கி) மேலே வைக்காதீர்கள், தலைமுடி உலர்த்தியைப் பிடிக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஈரத்தை எடுப்பதைவிடத் தூளைத்தான் உள்ளே விடுகிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது: குளிர்ந்திருக்கும்போதே சார்ஜில் போடுவது. பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லிதியம் உள்ளே போய்ச் சேர நேரமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். படிந்த அளவு கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விட்டது, உள்ளே மின்கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு. நல்ல போன்கள் தாமாகவே சார்ஜை மறுக்கும், இல்லையென்றால் மெதுவாக்கும். மலிவாக மாற்றிய பற்றரியையும் மலிவுப் பவர்பாங்க்கையும் அப்படி நம்ப முடியாது. கார் தரிப்பிடத்துக்கு வந்து காரைக் கிளப்பிய உடனே கேபிளைக் குத்தாதீர்கள். கையில் பிடித்துப் பாருங்கள், குளிர்கிறதென்றால் இன்னும் நேரமிருக்கிறது. பின்மூடி உப்பிய போனைத் திரும்பச் சார்ஜில் போடவே வேண்டாம், அமுக்கவும் வேண்டாம்.

மலையில் சார்ஜை மிச்சம் பிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துவிடும், பிளைட் மோடில் போடச் சொல்லுங்கள். "அப்ப நாங்கள் எப்படி எடுத்துக் கதைக்கிறது?" என்று அம்மாமார் கேட்பார்கள். மதியம் சாப்பாட்டு நேரம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று நேரம் பேசிக்கொள்ளுங்கள், இடையில் அழைக்காதீர்கள்.

ஏனென்றால் மலையில் போனின் முதல் வேலை உதவி கேட்பது. ஹெலிகொப்ரரில் வந்து மீட்கும் சுவிஸ் சேவையான ரேகாவின் (Rega) இலக்கம் 1414, வாலிஸ் கன்ரோன் (மாநிலம்) என்றால் 144, எங்கிருந்தும் 112. ரேகா அப் இருந்தால் அழைக்கும்போதே நிற்கும் இடமும் போய்ச் சேரும். கடைசியாக ஏறிய லிஃப்ற்றின் பெயரையும் பாதையின் நிறத்தையும் இலக்கத்தையும் பார்த்து வைக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள், பாதையோரக் கம்புகளில் இருக்கும்.

அந்தப் பிள்ளைக்குப் புதுப் பற்றரி போட்டுக் கொடுத்தபோது, கடை அட்டையின் பின்பக்கத்தில் இந்த இலக்கங்களையும் ஆசிரியரின் இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். வடிவாக எழுதி, மடித்து, போன் கவருக்குள் வைக்கப் போனாள். போனோடு வேண்டாம் பிள்ளை, ஜக்கெற்றின் உள் பொக்கெற்றில் வை என்றேன்.