கூண்டில் தெரிவது நாயின் குணமா?

காப்பகத்துக்கு வந்து சில மணி நேரமே ஆன தெருநாய் கூண்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தால், அதன் முகத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். தண்ணீர் எதுவும் சிந்தியிருக்காது, தரை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் சிமென்டில் ஈரமான பாதத் தடங்கள் தெரியும். நம்மைப் போல நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் அதன் பாதத்து மெத்தையில்தான் வேலை செய்கின்றன. வெயிலுக்கு மட்டுமல்ல, பதற்றத்துக்கும் அவை சுரக்கும்.

அதே நாயைத் தடவினால் முடி கையோடு கொத்தாக வரும். முதுகில் திடீரென்று பொடுகு தட்டும். நிழலில் படுத்திருந்தும் மூச்சிரைக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், சாப்பிட எதுவும் இல்லாதபோதும் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை நாய் இவை எதையும் செய்யாது. மூலையில் சுருண்டு, கண்ணைக் கூடச் சிமிட்டாமல் கிடக்கும். பார்க்க வருபவர்கள் "ரொம்ப அமைதியான நாய்" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் அது பயத்தில் உறைந்துபோன நாய்.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் முதல் சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அப்புறம் சற்று நிதானமான இரண்டாவது அலை வருகிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ், அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு வேதிச் செய்தி அனுப்ப, அது இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை எழுப்ப, அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் வெளிவருகிறது. கார்டிசாலின் வேலை அவசரக்கால நிர்வாகம். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, செரிமானம், நோய் எதிர்ப்பு போன்ற "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" வேலைகளை ஒத்திவைக்கும். வண்டிக்குத் தப்பி ஓட, எல்லை தாண்டி வந்த இன்னொரு நாயைச் சமாளிக்க இது அருமையான ஏற்பாடு. சில நிமிடத்தில் ஆபத்து விலகும், கார்டிசாலும் இறங்கிவிடும்.

கூண்டில் அப்படி விலகுவதற்கு எதுவும் இல்லை. தெருவில் வாழ்ந்த நாய் பட்டினியையும் அடியையும் அறிந்ததுதான். ஆனால் அங்கே அதன் கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன: அடுத்து என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது, பிடிக்காவிட்டால் விலகிப்போக முடிந்தது. இந்த இரண்டும் பறிபோனால் உடலின் அவசர மணி ஓயாது என்பது விலங்கு ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் முதல் மூன்று நாட்களில் நாய்களின் இரத்தத்தில் இருந்த கார்டிசால், வீட்டில் வளரும் நாய்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு வாரத்துக்கு மேல் ஆனவற்றில் அது குறைந்திருந்தது.

குறைந்துவிட்டது, சரி, பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? முழுதாக முடியாது. நெடுநாள் அழுத்தத்தில் இந்தச் சுரப்பி வரிசையே மந்தமாகி, கார்டிசால் குறைவாகச் சுரக்கும் நிலையும் உண்டு. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து நாய் சுகமாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தூங்குகிறதா, தின்கிறதா, ஆள் வந்தால் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தூக்கம் என்றதும் சத்தத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாய் குரைத்தால் வரிசை முழுக்கக் குரைக்கும். மூடிய கட்டடம், சிமென்ட் சுவர், இரும்புக் கதவு எல்லாம் சேர்ந்து ஒலியை எதிரொலித்துப் பெருக்குவதால், காப்பகங்களில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்றால் காதடைப்பான் இல்லாமல் அங்கே நிற்க விடமாட்டார்கள். நம்மைவிடக் கூர்மையான காதுகளோடு நாய் அங்கே இரவும் பகலும் இருக்கிறது. பகலில் விட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போடுவது நாய்களின் இயல்பு. காப்பகத்தில் முதலில் பறிபோவது அதுதான்.

இனி உடல்நலம். கார்டிசால் நீடித்தால் வெள்ளணுக்களின் கணக்கு மாறும். லிம்போசைட்டுகள் குறைந்து, நியூட்ரோஃபில்கள் கூடும். மருத்துவர் இரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்தாலே இது தெரிந்துவிடும். வெளியில் தெரியும் உதாரணம், டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிலந்திப்பூச்சிகளால் வரும் சொறி. இந்தப் பூச்சிகள் ஆரோக்கியமான நாய்களின் மயிர்க்கால்களிலும் குடியிருப்பவை. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து ஒட்டிக்கொண்டு, தொல்லை இல்லாமல் கூடவே வாழும். எதிர்ப்பு சக்தி சரியும்போதுதான் அவை பெருகும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி உதிர்ந்து வட்டம் வட்டமாகத் தோல் தெரியும். இது பக்கத்து நாய்க்குத் தொற்றுவதில்லை, மனிதர்களுக்கும் வராது. ஆனால் பார்த்தவுடன் மக்கள் முகம் சுளித்து அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

தொற்றுநோய்களில் காப்பகங்கள் மிகவும் அஞ்சுவது பார்வோ வைரஸை. 1978-இல்தான் இது நாய்களிடையே உலகமெங்கும் பரவியது. வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் போகும் வைரஸ் இது. அதனால் குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் ஒரே சமயத்தில் அடி வாங்கும். குடல் கிழிந்து கிருமிகள் இரத்தத்துக்குள் நுழையும் அதே நாட்களில், அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களின் உற்பத்தியும் படுத்துவிடும். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் சாராயம் கலந்த கைத் திரவம் இதை ஒன்றும் செய்யாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். தரையை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, மலக்கறையைப் போக்கி, அதன் பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்ற வேண்டும். கறை மேலேயே ஊற்றினால் பிளீச் அந்தக் கறையோடு வினைபுரிந்தே வீரியம் இழந்துவிடும்.

குட்டிகளிடம் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புப் புரதங்கள் வாரங்கள் போகப் போகக் கரையும். இடையில் ஒரு கட்டம் வரும். நோயைத் தடுக்கும் அளவுக்கு அவை மிச்சமிருக்காது, ஆனால் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இருக்கும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரம் வரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் காப்பகக் குட்டிகளுக்கு 4 முதல் 6 வார வயதில் ஆரம்பித்து, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை, 16 முதல் 20 வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். பெரிய நாய்க்கு வாசலிலேயே ஊசி. நாளை மருத்துவர் வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்றால், அந்த ஓர் இரவே போதும்.

இன்னொன்று, கென்னல் காஃப் என்று எல்லாரும் சொல்லும் இருமல். போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் சில வைரஸ்களும் கூட்டாகச் செய்யும் வேலை இது. மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளும் நுண்ணிழைகளை போர்டெடெல்லா முடக்கிவிடும். சேரும் சளியை வெளியே தள்ள நாய் கழுத்தை நீட்டி, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமி, கடைசியில் ஓங்கரிக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகச் சரியாகும். காப்பகத்தில் தங்கும் நாள் கூடக்கூட இது வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மருத்துவருக்குத் தலைவலி தருவது, பதற்றமும் நோயும் ஒரே முகம் காட்டுவது. இரண்டாவது வாரத்தில் நாய் சாப்பாட்டை ஒதுக்குகிறது என்று வையுங்கள். ஏக்கமாகவும் இருக்கலாம், தெருவிலிருந்தபோதே உண்ணி கடித்து ஏறிய எர்லிக்கியா காய்ச்சல் இப்போது தலைகாட்டுவதாகவும் இருக்கலாம். அந்தக் கிருமி உடலில் மறைந்திருக்கும் காலமே ஒன்று முதல் மூன்று வாரம். ஈறு வெளுத்திருக்கிறதா, வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸைத் தாண்டியதா, இரத்தத்தில் தட்டணுக்கள் எத்தனை என்று பார்த்தால்தான் தெரியும். "புது இடம், பழகினால் தின்னும்" என்று விட்டுவிடுவது காப்பகங்களில் நடக்கும் ஆபத்தான அலட்சியங்களில் ஒன்று என்பது என் கருத்து.

உடலில் நடப்பது நடத்தையில் எப்படி வருகிறது? கம்பிக்கு அப்பால் ஆளைப் பார்க்கிறது, நெருங்க முடியவில்லை. அந்த ஏமாற்றம் குரைப்பாக, கம்பியைக் கடிப்பதாக மாறும். சில நாய்கள் ஒரே இடத்தில் வட்டமடிக்கும். இன்னும் சில, சுவரில் உடம்பை உரசியபடியே நிற்கும். ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ப்ரோட்டோபோப்போவா குழு 2014-இல் கண்டது இது: சுவரில் சாய்ந்து உரசும் நாய்களும், வருபவருக்கு முதுகைக் காட்டும் நாய்களும் காப்பகத்தில் அதிக நாள் தங்க நேர்ந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில், தத்தெடுக்க வந்தவர்கள் வெளியே அழைத்துவரப்பட்ட நாயோடு செலவிட்டது சராசரியாக 8 நிமிடம். அந்த நேரத்தில் அவர்கள் அருகில் வந்து படுத்த நாய்களுக்கு வீடு கிடைத்தது. விளையாடக் கூப்பிட்டும் கண்டுகொள்ளாதவை திரும்பக் கூண்டுக்குப் போயின. பல வாரமாக வெளியே விடப்படாத நாய், கிடைத்த 8 நிமிடத்தில் புல்லை மோந்து திரியுமா, முன்பின் தெரியாத ஆளின் காலடியில் படுக்குமா? பதற்றத்தால் வந்த நடத்தை காத்திருப்பை நீட்டுகிறது, நீண்ட காத்திருப்பு பதற்றத்தைக் கூட்டுகிறது. காப்பக நாயின் பிரச்சினை முழுக்க இந்தச் சுழலில்தான் இருக்கிறது.

இந்தச் சூழலில் வைத்து நடத்தும் குணப் பரீட்சைகளை எவ்வளவு நம்புவது? தின்னும்போது பிளாஸ்டிக் கையை நீட்டி, உறுமுகிறதா என்று பார்ப்பது நெடுநாள் வழக்கம். காப்பகத்தில் அப்படி உறுமிய நாய்களில் பலவற்றிடம் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குணமே தென்படவில்லை. கேரி பேட்ரோனெக்கும் ஜேனிஸ் பிராட்லியும் 2016-இல் கணிதம் போட்டுக் காட்டியபடி, இத்தகைய சோதனைகளின் கணிப்பு, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. உறுமலைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் உறுமலை நாயின் ஜாதகமாக எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சுழலை உடைக்கும் வழிகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கூண்டின் பாதியைத் துணியால் மறைத்தால் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைக்கும். அதே ஆள் அதே நேரத்தில் வந்தால், அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகம் மெல்லத் திரும்பும். எனக்குப் பிடித்தது ப்ரோட்டோபோப்போவா முயன்று பார்த்த உத்தி. கூண்டருகே வருபவர் ஓர் ஒலி எழுப்பிவிட்டு ஒரு தின்பண்டத் துண்டை உள்ளே போடுவார். நாய் குரைத்தாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி, துண்டு உண்டு. குரைத்ததற்குப் பரிசு கொடுப்பதாகத் தோன்றலாம். ஆனால் ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று உடல் பழகிவிட, குரைப்பும் தாவலும் குறைந்தன.

இசையும் உதவுகிறது. பெல்ஃபாஸ்ட்டில் டெபோரா வெல்ஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்தியச் செவ்விசை ஒலித்தபோது நாய்கள் அதிகம் ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டலுக்கு அதிகம் குரைத்தன. பின்னால் வந்த ஆய்வுகள், ஒரே இசையைத் தினமும் போட்டால் சில நாட்களிலேயே பலன் தேய்கிறது என்றும் காட்டின. இதைவிட வலுவான முடிவு 2019-இல் வந்தது. லிசா குந்தர் குழு, ஐந்து அமெரிக்கக் காப்பகங்களின் நாய்களை ஓரிரு இரவு மட்டும் தன்னார்வலர் வீடுகளுக்கு அனுப்பிச் சிறுநீரில் கார்டிசாலை அளந்தது. வீட்டில் அது இறங்கியது. காப்பகம் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறியது, அதற்கு மேல் போகவில்லை. ஆசை காட்டி ஏமாற்றுவதுபோல் ஆகிவிடுமே என்று பயந்தவர்களுக்கு அந்த எண்கள் பதில் சொல்லிவிட்டன. திரும்பிய பிறகும் நாய்கள் முன்பைவிட நெடுநேரம் இடைவிடாமல் ஓய்வெடுத்தன.

நிரந்தர வீடு கிடைத்த பிறகு இதே கணக்கு தலைகீழாக ஓடும். முதல் சில நாட்கள் நாய் அதிகம் தூங்கும், குறைவாகத் தின்னும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாசலைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால் "நல்ல நாயாகத்தானே இருந்தது" என்று குழம்ப வேண்டாம். அதுவரை அடங்கியிருந்த சுபாவம் இப்போதுதான் வெளியே வருகிறது. காப்பகத்தில் இதயப்புழு இல்லை என்று வந்த முடிவையும் இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொசுக்கடியில் நுழைந்த புழு வளர்ந்து பரிசோதனையில் அகப்பட ஏறக்குறைய 6 மாதம் ஆகும். தத்தெடுத்த 6 மாதத்தில் அந்தப் பரிசோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.