டிஸ்பிளேஸ்மென்ட்: எஞ்சினுக்கு இடப்பெயர்ச்சி ஏது?

'சிலிண்டர்களை மறுதுளையிட்ட பின் எஞ்சின் இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுதல்' என்னும் தலைப்பை அண்மையில் மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இதைப் படிக்கும் மாணவர், எஞ்சின் தான் பொருத்தப்பட்ட இடத்தைவிட்டு நகர்வதாகவே எண்ணுவார்.

இங்கே இடப்பெயர்ச்சி என மொழிபெயர்க்கப்பட்டிருப்பது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்ற சொல். அதன் வேர்ப்பொருள் இடத்தைவிட்டு அகற்றுதல். எஞ்சினில், சிலிண்டர் என்னும் குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லைவரை ஒருமுறை செல்லும்போது கடக்கும் கனஅளவை, எல்லாச் சிலிண்டர்களுக்கும் கூட்டி, அச்சொல் குறிக்கிறது.

இடப்பெயர்ச்சியோ பள்ளி இயற்பியலில் முன்பே பொருள் வரையறுக்கப்பட்ட சொல்: தொடக்கப் புள்ளிக்கும் இறுதிப் புள்ளிக்கும் இடையிலான நேர்த்தொலைவு, திசையோடு. அதை மீட்டரில் அளக்கிறோம். எஞ்சினின் அளவைக் கன சென்டிமீட்டரில் சொல்கிறோம். பழைய 350 புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் ஒற்றைச் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு, அதாவது கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே அது செல்லும் தொலைவு, 90 மில்லிமீட்டர். இவற்றைச் சென்டிமீட்டராக்கி, 7 × 7 × 9 × 0.7854 (பையின் நான்கிலொரு பங்கு) எனப் பெருக்கினால் ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்காகச் சிலிண்டரைக் கடைந்தால் விட்டம் 70.5 ஆகி, அளவு 351-ஐத் தாண்டும். ஆனால் பிஸ்டனின் இடப்பெயர்ச்சி என்று கேட்டால், கடைவதற்கு முன்னும் பின்னும் விடை அதே 90 மில்லிமீட்டர்தான். எந்த மாற்றத்தைக் கணக்கிடப் புகுந்தோமோ, அந்த மாற்றத்தையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. இலக்கணமும் இதற்கு இடம் தரவில்லை. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. இங்கே பிஸ்டன் காற்றைப் பெயர்க்கிறது, அந்தக் காற்றின் அளவே நாம் வேண்டுவது.

'எஞ்சின் கொள்ளளவு' என்பது இதனினும் மேலானது என்றாலும் முழுமையானதன்று. சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவில், பிஸ்டன் மேல் எல்லையில் நிற்கும்போதும் எஞ்சியிருக்கும் எரியறையின் இடமும் அடங்கும். கடைந்த பின் எரியறை பெரும்பாலும் மாறாமலிருக்க, பிஸ்டன் கடக்கும் அளவு மட்டும் கூடுவதால் அமுக்க விகிதம் (மொத்தக் கொள்ளளவு எரியறையைப் போல் எத்தனை மடங்கு என்பது) சற்று ஏறுகிறது. இரண்டையும் கொள்ளளவு என்றே எழுதினால் இதை விளக்க வழியில்லை. ஆகவே வீச்சையும் அளவையும் ஒருங்கே காட்டும் 'வீச்சுக் கனஅளவு' என்பதே தகுந்த சொல் என்பேன்.

'ரீபோரிங்' என்பதற்கு 'மறுதுளையிடுதல்' என்பதும் பிழையே. ஏற்கெனவே உள்ள துளையின் தேய்ந்த சுவரைச் சீராக்கி அகலப்படுத்தும் வேலைக்குக் கடைசல் என்ற நல்ல சொல் பட்டறைகளில் இருக்கும்போது, 'உட்கடைசல்' என எழுதத் தடையென்ன? சொற்பட்டியலில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து வைத்துவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒருமுறையேனும் கடைசல் பட்டறையின் வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். அங்கே வேலை முடிந்ததும் "இப்ப எத்தனை சிசி வரும்?" என்று கேட்பவர், தாம் கேட்பது கனஅளவை என்பதை நன்கு அறிந்தே கேட்கிறார்.